கோயமுத்தூர்ல இல்லாத ஆசுபத்திரியா?

"ஏனம்மணி, கோயமுத்தூர்ல இல்லாத ஆசுபத்திரியா? அதுக்குப் போயி வேலூர் வரைக்கும் அலையோணுமா?"

கல்யாணம், காதுகுத்து, எழவு என்று எங்கே போனாலும் யாராவது ஒரு பெரியம்மா இதைக் கேட்டுவிடுகிறார். கேள்வியில் தப்பில்லை. இருதயத்துக்கும் எலும்புக்கும் கண்ணுக்கும் கேரளத்திலிருந்தெல்லாம் ஆட்கள் கோயமுத்தூரைத் தேடி வருகிறார்கள். குழந்தைகளின் நுரையீரலுக்கென்று படித்த டாக்டர்களும் இப்போது அங்கே இருக்கிறார்கள். அப்படியிருக்க, காங்கேயத்துக்காரி எதற்கு ஈரோடு போய்க் கோவை எக்ஸ்பிரஸ் பிடித்துக் காட்பாடியில் இறங்குகிறாள்? பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. மலத்தையும் சளியையும் பற்றிப் பேசாமல் பதிலே கிடையாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு லிங்க் அனுப்பிவிடலாம்.

என் மகளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சுருக்கமாக சி.எஃப். வயது எட்டு. இங்கே அவளைப் பாப்பா என்றே எழுதுகிறேன், வீட்டிலும் அப்படித்தான். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டுக்காரருக்குத் தேங்காய் எண்ணெய் மில், அதை ஒட்டிக் கொப்பரைக் களம்.

உடம்பின் செல்களில் உப்பும் தண்ணீரும் போய்வர ஒரு வழி உண்டு. சி.எஃப்.டி.ஆர். என்கிற புரதம்தான் அந்த வழி. அது வேலை செய்யாவிட்டால் நுரையீரலில் சளி, பதம் மீறிப்போன வெல்லப்பாகு மாதிரி இறுகிக்கொள்ளும். கணையத்திலும் இதே கதைதான். கொழுப்பைச் செரிக்கிற நீர் குடலுக்கு வந்து சேராமல் அங்கேயே அடைத்து நிற்கும். வேர்வையில் மட்டும் தலைகீழ். உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய உப்பு அப்படியே வெளியே போய்விடும்.

இதெல்லாம் இப்போது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். பாப்பா பிறந்து முதல் மூன்று வருஷம் எங்களுக்கு இந்தப் பேரே தெரியாது.

பசி இருந்தது. மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகவே சாப்பிட்டாள். ஆனால் எடை ஏறவில்லை. வயிறு மட்டும் உப்பலாக, கையும் காலும் குச்சியாக. மலம் நிறையப் போகும், நாற்றம் வீட்டைத் தூக்கும், தண்ணீர் ஊற்றினால் மேலே எண்ணெய் மிதக்கும். "மில்லுக்காரன் புள்ள, எண்ணெயாத்தான் போகுது" என்று என் அத்தை (மாமியார்தான், எனக்கு மாமன் பொண்டாட்டி) சிரித்துக்கொண்டே சொல்வார். இருமல் நிற்காது. வீசிங் என்றார்கள். பிறகு பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வருகிற காசநோய் என்றார்கள். சளியும் எடைக்குறைவும் சேர்ந்த பிள்ளைக்கு நம் பக்கம் அந்தப் பேர் சீக்கிரம் வந்துவிடும். ஆறு மாதம் அந்த மருந்து ஓடியது. நடுவில் தொக்கம் எடுத்தோம், உரம் எடுத்தோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். யாரையும் குறை சொல்லவில்லை, எல்லோரும் அவரவருக்குத் தெரிந்ததைத்தான் செய்தார்கள். ஒரு பெரிய மருத்துவமனையில் மட்டும், நான் மலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், "அதெல்லாம் அப்புறம், சளிக்குத்தானே வந்தீங்க" என்று கையமர்த்திவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இந்த நோயில் சளியும் மலமும் ஒரே கதையின் இரண்டு பக்கம்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் பாப்பா துவண்டு விழுந்தாள். வாந்தி, கண் சொருகல். டிரிப் ஏற்றினார்கள், சரியானது. அடுத்த வருஷம் அதே சித்திரையில் அதே மாதிரி. இந்த முறை ஈரோட்டில் ஒரு குழந்தை மருத்துவர். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் குறைந்திருப்பதைப் பார்த்தார். பேதி இல்லாத பிள்ளைக்கு இவ்வளவு உப்பு எங்கே போனது என்று யோசித்தவர் அவர் ஒருவர்தான். என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குதுங்களா?" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அம்மாயி அவளை "உப்புக்கட்டி" என்றுதான் கொஞ்சும். வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் நெற்றி ஓரத்தில் முடிக்குக் கீழே வெள்ளையாகப் பொரிந்திருக்கும், விரலால் தேய்த்தால் நறநறவென்று உதிரும். கறுப்புச் சட்டை போட்டால் முதுகில் கோடு கோடாகப் படியும். ஒரு டாக்டரும் கேட்டதில்லை, அதனால் நாங்களும் சொன்னதில்லை.

1948ல் நியூயார்க்கில் கடும் வெயில் அடித்தபோது துவண்டுபோய் ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் சி.எஃப். பிள்ளைகள் அதிகம் இருந்ததை அங்கிருந்த டாக்டர்கள் கவனித்தார்கள். வேர்வையில் உப்பு அதிகமாகப் போகிறது என்பதை அதைத் தொடர்ந்துதான் டி சாண்ட் ஆக்னீஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். காங்கேயத்தில் வருஷா வருஷம் அந்த வெயில்தான்.

ஈரோட்டு டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்து வேலூர் சி.எம்.சி.க்கு அனுப்பினார். அங்கே சி.எஃப். குழந்தைகளுக்கென்றே தனி கிளினிக் நடத்துகிறார்கள். முதலில் வேர்வைப் பரிசோதனை. கிப்சனும் குக்கும் 1959ல் சொல்லிக்கொடுத்த முறை, இன்றைக்கும் அதுதான். முழங்கைக்குக் கீழே, வேர்க்க வைக்கிற பைலோகார்பின் மருந்து ஊறிய இரண்டு வில்லைகளை வைத்துக் கட்டி, ஐந்து நிமிஷம் லேசாக மின்சாரம் விடுகிறார்கள். வலி கிடையாது, "குறுகுறுங்குது" என்று பாப்பா கையை இழுத்தாள், அவ்வளவுதான். பிறகு அந்த இடத்தில் வட்டமாக ஒன்றைக் கட்டுகிறார்கள். அதற்குள் நூல் தடிமனில் ஒரு குழாய் சுருண்டிருக்கும். வேர்வை ஊறி அதில் ஏறும்போது நீல நிறமாகத் தெரியும். அரை மணி நேரம் அந்த நீலம் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் என்பதுதான் எல்லைக்கோடு. 30க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இந்த நோய் இல்லை. பாப்பாவுக்கு 104.

அப்புறம் மரபணுப் பரிசோதனை. ஏழாவது குரோமோசோமில் இருக்கும் சி.எஃப்.டி.ஆர். மரபணுவை 1989ல் கண்டுபிடித்தார்கள். அதில் வரக்கூடிய பிழைகள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஐரோப்பிய வம்சத்தாரிடம் அதிகம் காணப்படுவது எஃப்508டெல் என்கிற பிழை. நம் நாட்டுக் குழந்தைகளிடம் அதன் பங்கு குறைவு, வேறு வேறு பிழைகள் நிறைய. பாப்பாவுக்கு வந்தது எஃப்508டெல்தான், இரண்டு பிரதியிலும். ஒன்று என்னிடமிருந்து, ஒன்று வீட்டுக்காரரிடமிருந்து. எங்கள் இருவருக்கும் ஒரு பிரதி நன்றாக இருப்பதால் எங்களுக்கு ஒன்றும் இல்லை.

இங்கேதான் குடும்பத்தில் பெரிய பேச்சு கிளம்பியது. வீட்டுக்காரர் எனக்குச் சொந்த மாமன் மகன். என் அம்மாவும் மாமனாரும் கூடப்பிறந்தவர்கள். ஆக, அவர்களைப் பெற்ற அப்புச்சியிடமிருந்தோ அம்மாயியிடமிருந்தோ இறங்கிய ஒரே பிழை, அம்மா வழியாக எனக்கும் மாமா வழியாக அவருக்கும் வந்திருக்கிறது. டாக்டர் தாளில் கோடு போட்டு இதைக் காட்டியபோது, "அப்ப எங்க பொறந்த ஊட்டு வழியில இல்லீங்களே?" என்று அத்தை உடனே கேட்டார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொந்தத்தில் கட்டினால் ஒரே பிழை இரண்டு பக்கமும் சேருகிற வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனால் ஒட்டும் உறவும் இல்லாமல் கட்டிக்கொண்டவர்களுக்கும் இந்த நோயோடு பிள்ளை பிறக்கிறது. அப்படிப்பட்டவர்களைக் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். முறை மாப்பிள்ளையைக் கட்டியதால் வந்த பாவம் என்று பேசுகிறவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை. ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோரின் பிழை எது என்று தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் மூன்றாவது மாத வாக்கிலேயே நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியும். எங்கள் சொந்தத்தில் கல்யாண வயதில் இருப்பவர்களிடம் நான் சொல்வது இது ஒன்றைத்தான்.

சரி, பெரியம்மா கேள்விக்கு வருகிறேன். வேலூரில் அப்படி என்ன செய்கிறார்கள்?

பெரிய ஊசியோ ஆபரேஷனோ கிடையாது. கேள்வி கேட்கிறார்கள். ஒரு நாள் முழுக்க, ஒருவர் மாற்றி ஒருவர். டாக்டர், உணவு ஆலோசகர், பிசியோதெரபிஸ்ட், நர்ஸ், பணம் காசு பற்றிப் பேசுகிற சமூகப் பணியாளர். உயரம், எடை, தொண்டையிலிருந்து சளி மாதிரி, ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி. ஆறு வயதுக்கு முன்பு பாப்பாவுக்கு ஒழுங்காக ஊத வரவில்லை. இப்போது கணினித் திரையில் மெழுகுவத்தி அணைகிற வரை ஊதுகிறாள். பிறகு இவர்கள் எல்லோரும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் புதிது. அதுவரை சளிக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர், இரண்டு பேருக்கும் நடுவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நான்.

உணவு ஆலோசகர் முதலில் கேட்டது, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டா?" அரிசிம்பருப்பு சாதம் என்றேன். நெய் எவ்வளவு, எந்தக் கரண்டி, எத்தனை வாய் மிச்சம் வைத்தாள் என்று போனது பேச்சு. கடைசியில் அவர் சொன்னதைக் கேட்டு அத்தைக்கு மயக்கம் வராத குறை. நெய்யைக் கூட்டுங்கள், தேங்காய்ப்பாலில் சந்தகை கொடுங்கள், நிலக்கடலை, முட்டை, கடலை மிட்டாய் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள் என்றார். "சளிப் புள்ளைக்கு நெய்யும் வாழைப்பழமும் ஆகாது" என்று பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் சொல்லிச் சொல்லிப் பத்தியத்திலேயே காய வைத்திருந்த பிள்ளை. மூச்சு விடுவதற்கே இவர்களுக்குச் சக்தி அதிகம் செலவாகிறது, சாப்பிட்டதில் பாதி வீணாகவும் போகிறது. அதனால் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் வேண்டும், அதிலும் கொழுப்பு வேண்டும்.

கொழுப்பு செரிக்க என்சைம் மாத்திரை. கேப்ஸ்யூலுக்குள் கடுகைவிடச் சின்னதாக மணி மணியாக இருக்கும். சின்ன வயதில் அதைத் திறந்து, வேகவைத்து மசித்த ஆப்பிளில் ஒரு ஸ்பூன் மேல் தூவிக் கொடுத்தோம். லேசான புளிப்பில் அந்த மணிகளின் மேல்பூச்சு கரையாது. பாலில் கலந்தால் அங்கேயே கரைந்து மருந்து வீண். மென்று தின்னவும் கூடாது, வாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும், அதனால் கொடுத்தவுடன் ஈறு ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்ப்பேன். சாப்பாட்டின் முதல் வாயோடு கொடுக்க வேண்டும். பாப்பா ஒரு தோசையை அரை மணி நேரத்துக்கு மேல் இழுப்பவள், அதனால் பாதியை முதலிலும் பாதியை நடுவிலும் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். வெறும் பழத்துக்கு வேண்டாம், முறுக்குக்கு வேண்டும். எடைக்குத் தகுந்த கணக்கு உண்டு, அதற்கு மேல் போனால் குடலுக்குக் கெடுதல். ஆகவே எண்ணெய் மிதக்கிறதா என்று மறுநாள் காலை பார்த்துவிட்டு நாமாகவே கூட்டிக்கொண்டே போகக் கூடாது, கேட்டுத்தான் கூட்ட வேண்டும். ஏ, டி, இ, கே என்று கொழுப்பில் கரைகிற விட்டமின்கள் தனி.

இந்த மாத்திரை பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. அத்தை சைவம். விஷயம் தெரிந்த அன்று அந்த டப்பாவைச் சமையலறைக்குள் வைக்கவே விடவில்லை, ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் பாப்பாவின் கன்னத்தில் சதை வைத்தது. இப்போது டப்பா அடுப்படி அலமாரியில் நெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாப்பா பலகாரத்தில் கை வைத்தால், "மாத்தர போட்டயா சாமி?" என்று முதலில் கேட்பது அத்தைதான்.

உப்புக்கும் தனிக் கணக்கு. மற்ற வீடுகளில் உப்பைக் குறை என்பார்கள், எங்களுக்குக் கூட்டு என்கிறார்கள். வெயில் காலத்தில் மோரில் உப்பு, ஓ.ஆர்.எஸ்., மாங்காய்க் கீற்றில் உப்பு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒருவர் பாப்பாவின் ஊறுகாயைப் பிடுங்கி வைத்துவிட்டார். அக்கறையில்தான். கிளினிக்கிலிருந்து பள்ளிக்கென்று ஒரு கடிதம் கொடுத்தார்கள், அதற்கப்புறம் பிரச்சினை இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால், வேலூரின் அசல் மருத்துவம் நடப்பது பிசியோதெரபி அறையில். இங்கே எங்களுக்குக் கிடைத்தது நெபுலைசர் மட்டும்தான். அதை வைத்தார்கள், எடுத்தார்கள், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். மருந்து சளியை இளக்கும், வெளியே யார் எடுப்பது? அதை ஒருவரும் சொல்லவில்லை.

வேலூரில் எல்லாவற்றுக்கும் வரிசை சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் மூச்சுக்குழாயை விரிக்கிற இன்ஹேலர். பிறகு உப்புக் கரைசல் நெபுலைசர். அது நம் ரத்தத்தைவிடப் பல மடங்கு உப்பான தண்ணீர், சளிக்குள் ஈரத்தை இழுத்துவரும். சிட்னியில் கடலலையில் விளையாடுகிற சி.எஃப். நோயாளிகள் மற்றவர்களைவிட நன்றாக இருப்பதைப் பார்த்துதான் இந்த யோசனை வந்ததாம். எங்களுக்குக் கடலும் இல்லை, அலையும் இல்லை, ஆம்பியூல்தான். அதன் பிறகு ஊதல், இருமல். ஆன்டிபயாடிக் நெபுலைசர் இருக்கிற மாதம் அது எல்லாவற்றுக்கும் கடைசி, சளி போன பிறகுதான் அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரும். இதையெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி.

ஊதுவதற்கு அவர்கள் செய்து காட்டிய கருவி ஒரு பாட்டில். பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் டியூப், ஒரு சொட்டு பாத்திரம் கழுவுகிற சோப்பு. டியூப்பில் நிதானமாக ஊதினால் நுரை பொங்கிப் பாட்டிலின் வாய் வழியாக வழிந்து மேஜையெல்லாம் பரவும். ஊதும்போது தண்ணீர் கொடுக்கிற எதிர்ப்பில் மூச்சுக்குழாய்கள் திறந்தே நிற்கும், காற்று சளிக்குப் பின்னால் போய்விடும். உறிஞ்சக் கூடாது, ஊத மட்டும்தான். ஊதி முடித்ததும், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, அந்த மாதிரி வாயை அகலத் திறந்து "ஹா" என்று இரண்டு தடவை. அப்புறம் ஒரு இருமல். தொண்டையிலிருந்து இருமுகிற வறட்டு இருமல் வேறு, இந்த இருமல் வேறு. நெஞ்சில் கை வைத்தால் உள்ளே கறகறவென்று நகர்வது உள்ளங்கைக்குத் தெரியும். பிசியோதெரபிஸ்ட் என் கையைப் பிடித்துப் பாப்பாவின் முதுகில் வைத்து, "இங்க தெரியுதா, இப்ப மேல வந்துடுச்சு, இப்ப இருமச் சொல்லுங்க" என்றார். எந்த ஸ்கேனும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. தீபாவளிக்கும் உண்டு, மாரியம்மன் பண்டிகைக்கும் உண்டு. பிறகு நெபுலைசர் கப்பைக் கழட்டிக் கழுவி, கொதிக்க வைத்து, துணியில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது, அதற்கென்று ஆற்றுத் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். ஈரமாக விட்டால் சூடோமோனாஸ் என்கிற கிருமி குடியேறும். இவர்களுடைய நுரையீரலுக்கு அதுதான் முக்கியமான எதிரி. அதனால் பாட்டில் தண்ணீரும் தினம் புதிது.

வீட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. கொப்பரை பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை போடுவார்கள். காற்று திரும்பினால் அது நேராக எங்கள் படுக்கையறைக்குத்தான் வரும். கிளினிக்கில் வீட்டைப் படம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். காட்டிய பிறகு படுக்கையறை களத்துக்கு எதிர்ப்பக்கம் போனது, கந்தகம் போடுகிற வேலை தோட்டத்துக் கோடிக்குப் போனது. மாடு? பாப்பாவுக்குக் காங்கேயம் கன்றுக்குட்டி என்றால் உயிர். கன்றை வெளியில் நிறுத்தித் தடவிக் கொடுக்கலாம், ஆனால் சோளத்தட்டுப் போர் பக்கமும் சாணிக்குழி பக்கமும் போகக் கூடாது என்றார்கள். நனைந்த தட்டில் இருக்கிற பூஞ்சை இந்த நுரையீரலில் வேறு ஒரு வம்பைக் கிளப்பும். கன்றையே விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் தடை போடுகிறார்கள்.

ஒரு தடை மட்டும் கடுமையானது. சி.எஃப். குழந்தைகள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது. ஆறடி தள்ளித்தான், முகக்கவசத்தோடு. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அந்தக் கிருமிகள் தொற்றும், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத கிருமி இவர்களில் ஒருவரைச் சாய்த்துவிடும். தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார், அவர் பையனுக்கும் கிட்டத்தட்ட பாப்பா வயது. நாங்கள் இருவரும் காரிடாரில் பேசிப் பழகிவிட்டோம். என்சைம் எங்கே ஸ்டாக் இருக்கிறது, எந்தக் கடையில் தள்ளுபடி என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். பிள்ளைகள் வீடியோ காலில் சண்டை போடுகிறார்கள், யார் பாட்டிலில் நுரை உயரமாக வருகிறது என்று போட்டி வைக்கிறார்கள். ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறார்கள், விளையாடச் சேர்த்து விட முடியாது. "அண்ணன் ஊட்டுக்கு எப்பப் போலாம்?" என்று பாப்பா கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது கேட்பதில்லை, அவளுக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலூர் மட்டும் போதாது. காய்ச்சல் வருகிற ராத்திரியில் ரயில் ஏற முடியுமா? ஈரோட்டு டாக்டர்தான் எங்களுக்கு நங்கூரம். சளி கூடி, எடை இறங்கி, ஸ்பைரோமெட்ரி எண்ணும் விழுந்தால், இரண்டு வாரம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஓட வேண்டும். அதை ஈரோட்டிலேயே தனி அறையில் வைத்து ஓட்டுகிறார். மருந்து என்ன, அளவு என்ன என்று வேலூரோடு ஃபோனில் பேசிக்கொள்கிறார். சாதாரணப் பிள்ளைக்குக் கொடுக்கிற அளவு இவர்களுக்குப் பத்தாது, இவர்கள் உடம்பு சில மருந்துகளைச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடும். "எனக்கு இந்த நோயில அனுபவம் இல்லீங்க, அவங்களக் கேட்டுச் சொல்றேன்" என்று அவர் முதல் நாளே சொன்னார். எல்லாம் தெரிந்த மாதிரி பேசிய டாக்டர்களை அதற்கு முன்னால் நிறையப் பார்த்திருந்தேன், அதனால் அந்த வார்த்தைக்காகவே அவரை எங்களுக்குப் பிடித்துப்போனது.

மருந்துச் செலவைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த நோயின் வேரிலேயே வேலை செய்கிற, பழுதான புரதத்தை நிமிர்த்தி வைக்கிற மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை ஒன்று 2019ல் அமெரிக்காவில் வந்தது. எஃப்508டெல் இருப்பவர்களுக்கு அது வேலை செய்யும். பாப்பாவுக்கும் செய்யும். அங்கே அதன் விலை வருஷத்துக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல், நம் பணத்தில் இரண்டரைக் கோடிக்கு மேல். நம் ஊர் மருந்துக்கடையில் எழுதிக் கொடுத்து வாங்குகிற மருந்து அல்ல. அர்ஜென்டினாவில் ஒரு கம்பெனி அதன் நகலைச் செய்கிறது, அதுவும் எங்கள் மில் வருமானத்துக்கு எட்டாது. மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கை 2021ல் வந்தது, சி.எஃப். அதன் பட்டியலில் இருக்கிறது, உதவித்தொகையை 2022ல் ஐம்பது லட்சம் வரை உயர்த்தினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த விலையில் மூன்று மாதத்துக்குக் கூட வராது. மாத்திரை இருக்கிறது, பிள்ளையின் மரபணுவுக்குப் பொருந்தவும் செய்கிறது, விலைதான் குறுக்கே நிற்கிறது. வீட்டுக்காரர் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் களத்துக்கு எழுந்து போய்விடுவார்.

அதனால் எங்களிடம் இருப்பது பாட்டிலும் நெய்யும் என்சைமும் உப்பும்தான். இவற்றை ஒழுங்காகச் செய்தால் நுரையீரலை நல்லபடியாக வைத்திருக்கலாம், மலிவான மருந்து வரும்போது பயன்படுத்துகிற நிலையில் பிள்ளை இருப்பாள் என்று டாக்டர் சொன்னார். 1938ல் டோரதி ஆண்டர்சன் இந்த நோயை முதன்முதலில் விவரித்து எழுதிய காலத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கூட வயதைக்கூட எட்டவில்லை. இன்றைக்கு அமெரிக்காவில் பிறக்கிற சி.எஃப். குழந்தையின் உத்தேச ஆயுள் அறுபதைத் தாண்டிவிட்டது. அதில் அந்தப் புது மாத்திரைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது வருவதற்கு முன்பே, இந்தக் கூட்டுக் கவனிப்பாலும் என்சைமாலும் ஆன்டிபயாடிக்காலும் வயது ஏறிக்கொண்டேதான் இருந்தது.

ஆக, பெரியம்மா, கோயமுத்தூரில் ஆசுபத்திரி இல்லாமல் இல்லை. எங்களுக்கு இன்னொரு பெரிய கட்டடமும் வேண்டாம். வேர்வைப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்கிற ஒரு மேஜை, இருமல் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட், அரிசிம்பருப்பு சாதம் தெரிந்த ஒரு உணவு ஆலோசகர், சி.எஃப். பிள்ளையின் சளியில் என்ன தேட வேண்டும் என்று தெரிந்த ஒரு லேப், இவர்கள் மாதம் ஒரு நாள் ஒரே அறையில் கூடினால் போதும். ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ அப்படி ஒரு நாள் வந்தால் நான் ஏன் காட்பாடி போகிறேன்?

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில், நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாத, இருமல் விடாத, எண்ணெய் மிதக்கிற மாதிரி மலம் போகிற பிள்ளை இருந்தால், நெற்றியை ஒரு தடவை நக்கிப் பாருங்கள். உப்புக் கரித்தால் டாக்டரிடம் வேர்வைப் பரிசோதனை என்று பேர் சொல்லிக் கேளுங்கள். பிரைமரி காம்ப்ளெக்ஸ் மருந்து முடித்தும் சரியாகவில்லை என்றால் கண்டிப்பாகக் கேளுங்கள்.

அடுத்த கிளினிக் ஆடி முடிந்து. கேட்க வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்கூல் டூருக்கு ஊட்டி அனுப்பலாமா, பாட்டிலையும் எடுத்துப்போக வேண்டுமா? நீச்சல் பழக்கலாமா? கிணற்றில் வேண்டாம் என்று சொல்வார்கள், இருந்தாலும் கேட்கிறேன். ஒரு கேள்வி பாப்பாவே அவள் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்: "ஒப்புட்டு நாலு தின்னா எத்தனை மாத்திரை?"